இடது கன்னத்து மச்சம்

"அசையாதடி. அசைஞ்சா மச்சமா இருக்காது, மை கொட்டின மாதிரி இருக்கும்."

பெரியவள் தங்கையின் தாடையை இடது கையால் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் திருப்புகிறாள். வலது கையில் புருவம் தீட்டுகிற பென்சில். அதைப் பிடிப்பதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போய்விடும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப் போனவை. அதனால் பென்சிலை நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே சொருகிக்கொண்டு, மணிக்கட்டைத் தங்கையின் தோளில் ஊன்றி, மூச்சை அடக்கி, மூக்குக்குச் சற்றுத் தள்ளி இடது கன்னத்தில் ஒரு புள்ளி வைக்கிறாள். மேலே கொஞ்சம் பவுடரை ஒற்றி எடுக்கிறாள். தலையைச் சாய்த்துச் சரிபார்க்கிறாள். அவளுடைய கன்னத்தில் அதே இடத்தில் மிளகளவு மச்சம் ஒன்று இருக்கிறது. அது பிறக்கும்போதே வந்தது.

"போ. இப்ப நீதான் நான்."

மூலையில் துணி மடித்துக்கொண்டிருக்கும் அம்மா, தினமும் சொல்வதை இன்றும் சொல்கிறாள்: "பெத்த எனக்கே போன்ல ரெண்டு பேர் குரலும் ஒண்ணாத்தான் கேக்குது. அந்த மெஷினுக்கு என்ன தெரியப் போகுது? காலங்காத்தால இந்தக் கூத்து வேற."

சின்னவள் கம்பெனியின் சாம்பல் நிற டி-ஷர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பெட்டியோடு படியிறங்கிவிடுகிறாள். டி-ஷர்ட் அக்காவின் அளவு, தோளில் வழிகிறது. பெட்டிக்குச் சக்கரம் உண்டு, பேருக்கு. தெரு முழுக்கப் பள்ளமும் படிக்கட்டும்தான் என்பதால் அதைப் பிள்ளையைச் சுமப்பதுபோல இடுப்பில்தான் சுமக்க வேண்டியிருக்கிறது. உள்ளே மெழுகு உருக்கும் சட்டி, ஆவி பிடிக்கும் கருவி, மடக்கு முக்காலி, ஒருமுறை விரித்துத் தூக்கிப்போடும் விரிப்புகள், நூல்கண்டு, நெற்றிப் பட்டைகள். அந்தப் பட்டைகளை அம்மா துவைத்து, அவர்கள் மூவரும் இருக்கிற ஒரே அறையின் குறுக்கே கொடி கட்டிக் காயப்போடுவாள். முகம் தெரியாத பெண்களின் நெற்றியில் கிடந்தவை இவர்கள் மூவரின் தலைக்கு மேல் ஈரம் சொட்டிக்கொண்டிருக்கும்.

போனில் தட்டினால் வீட்டுக்கே வந்து முகம் துலக்கி, புருவம் திருத்தி, கால் தேய்த்துவிட்டுப் போகிற பெண்களில் அவள் ஒருத்தி. உங்கள் கட்டடத்தின் படிக்கட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் அவளைத் தாண்டிப் போயிருப்பீர்கள். அவளைக் கம்பெனி வேலைக்காரி என்று சொல்லாது, 'பார்ட்னர்' என்று சொல்லும். கொஞ்சலாகக் கூப்பிட்டால் குறை சொல்ல மாட்டார்கள் என்பது கம்பெனிகளின் கணக்கு.

இந்தப் பார்ட்னர் உண்மையில் பெரியவள்தான். வருஷக்கணக்காக ஓடி ஓடி, ஒவ்வொரு வீட்டிலும் கெஞ்சாமல் கெஞ்சி வாங்கிய நட்சத்திரங்கள் கம்பெனி ஆப்பில் அவள் பெயரில் இருக்கும் கணக்கில், அந்த 'ஐடி'யில் இருக்கின்றன. அந்த ஐடிக்கு வேலை தானாக வந்து விழும். ஆனால் இழுத்து இழுத்துத் தேய்த்த கைதான் ஒருநாள் ஓய்ந்துவிட்டது. முதலில் விரல் நுனி சிலிர்த்தது. பிறகு புருவம் திருத்தும் நூல் நழுவியது. கடைசியில் ஒரு வீட்டில் மெழுகுச் சட்டியே நழுவப் பார்த்தது. டாக்டர் நரம்பு என்றார், ஓய்வு என்றார். கம்பெனியிடம் ஓய்வு என்று சொன்னால் ஐடி ஆறிப்போகும், ஆறிய ஐடிக்கு வேலை வராது.

சின்னவள் அப்போது வணிகவியல் படித்து முடித்து, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். தன் பெயரில் ஒரு ஐடி கேட்டு எழுதிப் போட்டாள். அது கிணற்றில் போட்ட கல்லாக 'பரிசீலனையில் உள்ளது' என்றே இன்றுவரை கிடக்கிறது. வேறு வழி தெரியவில்லை. அக்காவின் போனை எடுத்துக்கொண்டாள், அக்காவைப் போலவே முடியை வலப்பக்கம் வகிடெடுத்து இறுக்கிக் கட்டினாள். அக்காவுக்கு இருந்து தனக்கு இல்லாதது அந்த மச்சம் ஒன்றுதான். அதையும் அக்காவே வைத்துவிட்டாள்.

கூத்து என்று அம்மா சொன்னாலும் விளையாட்டில்லை. நினைத்தாற்போல் ஒரு நாள், ஏதோ ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டு 'வந்துவிட்டேன்' என்று தட்டும்போது, போன் முகத்தைக் காட்டச் சொல்லும். முகம் ஒத்துப்போகாவிட்டால் ஐடி மூடிக்கொள்ளும். பிறகு அழுதாலும் புரண்டாலும் கேட்க ஆள் கிடையாது. மூவரின் சோறும் பெரியவளின் இத்தனை வருஷமும் அந்தச் சின்ன வட்டத்துக்குள் முகம் பொருந்துவதில் இருக்கின்றன.

வேறு பழக்கங்களும் அவளுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டன. வெளியே கிளம்பினால் தண்ணீர் குடிக்க மாட்டாள். மணிக்கணக்காக ஒருத்தியின் காலைத் தேய்த்துவிட்டு, "மேடம், பாத்ரூம் போகலாமா?" என்று கேட்டால் அந்த முகம் எப்படி மாறும் என்பது அவளுக்குத் தெரியும். கீழே வாட்ச்மேனிடம் கேளு என்பார்கள். வாட்ச்மேன் மேலே கேளு என்பார். தாகத்தை அடக்குவது அதைவிடச் சுலபம். வேர்த்தால் வலது கன்னத்தை மட்டும் தோளில் துடைத்துக்கொள்வாள். இடது கன்னத்தை ஈ மொய்த்தாலும் தொட மாட்டாள்.

இன்னொன்று வேடிக்கையாக இருக்கும். வாடிக்கையாளர்களின் முகங்களை அவளுக்குத் தலைகீழாகத்தான் தெரியும். அவர்கள் சாய்ந்து படுத்திருக்க, அவள் தலைமாட்டில் நிற்பவள். மோவாய் மேலே, நெற்றி கீழே என்று ஒவ்வொரு முகமும் அவளுக்கு மனப்பாடம். அதே பெண் கடைவீதியில் நேராக எதிரே வந்தால் யாரென்று தெரியாது. அவர்களுக்கும் அவளைத் தெரியாது என்பதால் யாருக்கும் மனவருத்தம் இல்லை.

முதல் நாள் அக்காவின் பழைய வாடிக்கை வீடு ஒன்றுக்குப் போகும்போது பயந்துகொண்டேதான் போனாள். கதவைத் திறந்த மேடம் போனிலிருந்து பாதிக் கண்ணை எடுத்துப் பார்த்து, "வா வா, லேட் ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடி போனுக்குள் போய்விட்டாள். அவ்வளவுதான். பல மாதப் பழக்கமுள்ள அக்காவின் முகம் அந்த வீட்டில் பதிந்திருந்த லட்சணம் அப்படி.

ஆனால் பேச்சு மட்டும் பதிந்திருந்தது. அக்கா விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள். "உன் தங்கச்சி படிச்சு முடிச்சுட்டாளா?" என்று முதல்முறை யாரோ கேட்டபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சமாளித்துக்கொண்டு, "முடிச்சுட்டா மேடம். வேலை தேடிட்டு இருக்கா" என்றாள். தன்னைப் பற்றித் தானே, யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லப் பழகிக்கொண்டாள். தங்கச்சி நல்லா இருக்கா மேடம். தங்கச்சி இப்ப கொஞ்சம் இளைச்சுட்டா மேடம். வீட்டில் ஒரு நாளும் வாய்விட்டுப் புகழாத அக்கா, ஊரார் வீட்டிலெல்லாம் தங்கையைப் பற்றி இவ்வளவு பீற்றிக்கொண்டிருந்தாள் என்பது அவளுக்கு இப்படித்தான் தெரியவந்தது. கால் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொள்வாள்.

ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே, பெரிய கட்டடங்களின் பின்பக்கத்து மதில் நிழலில் அவளைப்போல் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். சாப்பாடு கொண்டுபோகிறவன், ஏசி கழுவுகிறவன், சோபா துடைக்கிறவன். எல்லாரும் படித்தவர்கள், எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். அதில் சாப்பாடு கொண்டுபோகிறவனுக்குச் 'சித்தப்பா' என்று பெயர். வயது இருபதைத் தாண்டியிருக்காது. அவன் பெயர்க் காரணத்தை அவனே சொன்னான்.

"நான் ஓட்டுறது எங்க சித்தப்பா ஐடி. அப்போ நான் யாரு? எங்க சித்தப்பா. நீ யாரு?"

"நான் எங்க அக்கா" என்றாள் சின்னவள்.

"வணக்கம்க்கா."

"வணக்கம் சித்தப்பா."

சோபா துடைக்கிறவன் விழுந்து விழுந்து சிரித்தான். நட்சத்திரம் சேராத சொந்த ஐடியில் அவன் மட்டும்தான் அங்கே அவனாகவே இருந்தான், அதனால் அவனுக்குத்தான் வேலையே வருவதில்லை.

ஒரு வாரத்துக்கு முன்னால் சித்தப்பா முகம் செத்துப்போய் வந்து உட்கார்ந்தான். "இப்ப செக்கிங்கை மாத்திட்டாங்களாம். நேரா மட்டும் இல்ல, இந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் திரும்புன்னு கேக்குது. என் ஃப்ரெண்டு ஒருத்தன் ஐடி போச்சு. மாமா ஐடி." பிறகு, "எனக்கும் எங்க சித்தப்பாவுக்கும் மூக்குதான் பிரச்சனை" என்றான். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவனை அந்த மதில் பக்கம் காணோம். போன் செய்தால் எடுப்பதில்லை. மூக்குதான் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

வீட்டில் சொன்னதும் பெரியவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மச்சத்தை இன்னும் கண்ணும் கருத்துமாக வைக்க ஆரம்பித்தாள். வைத்துவிட்டு, "இடப்பக்கம் திரும்பு. வலப்பக்கம் திரும்பு" என்று ஒத்திகை வேறு.

அந்த வாரத்தில்தான் அந்த மழை. மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கியவளைச் சரியாக நடுத்தெருவில் பிடித்துக்கொண்டது. டி-ஷர்ட்டின் மேல் போட்டிருந்த துப்பட்டாவால் பெட்டியை மூடிக்கொண்டாள், தலையை மூட ஒன்றுமில்லை. அந்த உயரமான கட்டடத்தின் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வாட்ச்மேன் அவள் போனிலிருந்த படத்தையும் அவளையும் ஒரு பார்வை பார்த்தார்.

"சர்வீஸ் லிஃப்ட் ரிப்பேர். பெரிய லிஃப்ட்ல போ. சுவத்துல படாம ஓரமா நில்லு, ஈரம் ஆகும்."

பெரிய லிஃப்டில் ஒரு ஆள் உயரத்துக்குக் கண்ணாடி இருந்தது. அதில் அவள் தன் முகத்தைப் பார்த்தாள், உண்மையிலேயே தன் முகத்தை. இடது கன்னம் துடைத்துவிட்டதுபோல் வெறிச்சென்று இருந்தது. அவள் ஒரு நாளும் தானே மச்சம் வைத்துக்கொண்டதில்லை. மாடி எண்கள் ஏறிக்கொண்டே போயின. பெட்டியைத் திறந்து பென்சிலைத் தேடி எடுத்து, போனில் அக்காவின் படத்தைத் திறந்து கண்ணாடியோரம் பிடித்துக்கொண்டு, படத்தில் மச்சம் எந்தப் பக்கம் இருந்ததோ கண்ணாடியிலும் அதே பக்கத்தில் புள்ளி வைத்தாள். கதவு திறந்துகொண்டது.

வாசலில் நின்று 'வந்துவிட்டேன்' என்று தட்டினாள். போன் முகத்தைக் காட்டு என்றது.

வட்டத்துக்குள் முகத்தை வைத்தாள். நேராகப் பார்க்கச் சொன்னது. இடப்பக்கம் திரும்பச் சொன்னது. வலப்பக்கம் திரும்பச் சொன்னது. ஒரு சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காத வாய் பசைபோல் ஒட்டிக்கொண்டது. அம்மா, அக்கா, கொடியில் தொங்கும் பட்டைகள் எல்லாம் கண்ணுக்குள் வந்து போயின. பச்சை நிறத்தில் 'நன்றி, பார்ட்னர்' என்று வந்தது. மணியை அழுத்தினாள்.

உள்ளே இருந்தது அக்காவின் ஆகப் பழைய வாடிக்கை, நல்ல மனசுக்காரி என்று அக்கா அடிக்கடி சொல்கிற மேடம். படுத்தவுடன் கண்ணை மூடிக்கொண்டாள். சின்னவள் அவள் கண்ணின் மேல் ஈரப் பஞ்சை வைத்து, ஆவி பிடிக்க வைத்தாள். ஆவி இவள் முகத்திலும் அடித்தது. வழக்கம்போல் வலது கன்னத்தைத் தோளில் துடைத்தாள். வழக்கம்போல் இடது கன்னத்தைத் தொடவில்லை.

தோளில் கறுப்பாக ஒரு கோடு.

முதலில் அது என்னவென்றே புரியவில்லை. புரிந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. போட்டோவையும் கண்ணாடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இடம் வலமாக மாறும் என்பது அவசரத்தில் தோன்றவில்லை. வலது கன்னத்தில் வைத்திருக்கிறாள். அந்த மச்சத்தோடுதான் மெஷின் முன்னால் நின்றாள், இடமும் வலமும் திருப்பித் திருப்பிக் காட்டினாள். அது நன்றி சொல்லி அனுப்பியிருக்கிறது. சற்று முன் மழையில் வாட்ச்மேன் பார்த்தபோது மச்சமே இல்லை. அவரும் அனுப்பியிருக்கிறார். கதவைத் திறந்த மேடமும் 'வா' என்றுதான் சொன்னாள்.

யாரும் பார்த்ததே இல்லை. நிம்மதி வர வேண்டிய நேரம்தான். ஆனால் அவளுக்கு அழுகை வந்தது.

"என்ன, நிறுத்திட்ட?" என்றாள் மேடம் பஞ்சுக்கு அடியிலிருந்து.

"ஒண்ணுமில்ல மேடம். ஆவி கொஞ்சம் ஜாஸ்தி."

"எத்தன பேர்கிட்ட பண்ணிப் பாத்துட்டேன். உன் கை மாதிரி வராது. ஆரம்பத்துலேர்ந்து மாறவே இல்ல, அதே கை." மேடம் சுகமாக மூச்சு விட்டாள். "உன் தங்கச்சி என்ன பண்றா?"

"வேலை தேடிட்டு இருக்கா மேடம்."

"கிடைக்கும், கிடைக்கும். அப்போல்லாம் நீ எப்பவும் சொல்வியே, 'நான் யார் காலை வேணா பிடிக்கிறேன் மேடம், என் தங்கச்சிய மட்டும் இந்த வேலைக்கு விடமாட்டேன்'னு. எனக்கு அது அப்படியே மனசுல நின்னுடுச்சு."

சின்னவள் தலைகீழாகத் தெரிந்த அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மோவாயில் ஆவி முத்துமுத்தாகப் படிந்திருந்தது.

"விடலியே?" என்று கேட்டாள் மேடம்.

"விடல மேடம்" என்றாள்.

கிளம்பும்போது மேடம் அலமாரியைத் திறந்து, அதிகம் புழங்காத தோல் கைப்பை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "உன் தங்கச்சிக்கு. ஆபீஸ் போகும்போது மாட்டிட்டுப் போகட்டும்." முகத்துக்கு நேராகப் பார்த்துத்தான் கொடுத்தாள். இரண்டு கன்னமும் வெறுமையாக நின்ற பெண்ணைப் பார்த்து, அன்பாகச் சிரித்தாள்.

கீழே வாட்ச்மேன் நிறுத்தினார். அவர் பார்த்தது முகத்தையல்ல, கைப்பையை. திருப்பினார், ஜிப்பைத் திறந்தார், உள்ளே கைவிட்டுத் துழாவினார், மேலே போன் போட்டுக் கேட்டார். மேடம் எடுக்கும்வரை அவள் மழைச்சாரலில் நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பெரியவள் கேட்ட முதல் கேள்வி, "மழையில அழிஞ்சுடுச்சா? யாராவது ஏதாவது கேட்டாங்களா?"

"செக்கிங் வந்துச்சு. பாஸ்."

பெரியவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். "பாத்தியாம்மா? கூத்துன்னு சொன்னியே. அந்தப் புள்ளி இல்லேன்னா இன்னைக்கு நம்ம கதி என்ன?" அவள் முகத்தில் எத்தனையோ மாதமாக இல்லாத ஒரு தெளிச்சி. மரத்த கையை மடியில் வைத்து, இன்னொரு கையால் தடவிக்கொண்டாள், அன்றைக்கு வேலை செய்து களைத்தது அந்தக் கைதான் என்பதுபோல.

சின்னவள் வாயைத் திறந்தாள். கையில் பையைக் கண்டு அம்மா குறுக்கே கேட்டுவிட்டாள். "இது ஏதுடி?"

"அந்த மேடம் குடுத்தாங்க. தங்கச்சிக்காம்." பிறகு அக்காவைப் பார்த்து, "உன் கை மாறவே இல்லையாம். அதே கைன்னு சொன்னாங்க" என்றாள்.

பெரியவள் கைப்பையைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். மேடம் வேறென்ன சொன்னாள் என்று அவள் கேட்கவில்லை. பையை வாங்கித் துடைத்து, கொடிக்கு மேலே ஆணியில் மாட்டி வைத்தாள். நெற்றிப் பட்டைகளின் ஈரம் அதன்மேல் சொட்டாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் உறை தேடிப் போட்டாள்.

மறுநாள் காலை. மழை விட்டும் குளிர் விடவில்லை. குளிர் நாளில் பெரியவளின் கை இன்னும் மோசம். பென்சில் மூடியைத் திறக்கவே அவளால் முடியவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். பென்சில் விரலிடுக்கில் நிற்காமல் கீழே விழுந்தது. எடுத்தாள். மறுபடி விழுந்தது.

"ஒரு நாளைக்கு இல்லாட்டி என்ன? விடேன்" என்றாள் அம்மா.

"விடறதா?" பெரியவளின் குரல் உடைந்தது. "இது ஒண்ணுதான் நான் பண்றேன்."

சின்னவள் டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு, பெட்டியைப் பூட்டிவிட்டு, வாசற்படி வரை போய்விட்டிருந்தாள். அடுத்த வேலை வந்துவிட்டது என்று போன் அலறிக்கொண்டிருந்தது. பெட்டியைக் கீழே வைத்தாள். திரும்பி வந்து, உருண்டு போன பென்சிலை எடுத்து அக்காவின் விரலிடுக்கில் சொருகினாள். அந்தக் கையைத் தூக்கித் தன் தோளில் ஊன்றிவைத்து, கண்ணை மூடிக்கொண்டு, இடது கன்னத்தைக் காட்டினாள்.